ஒரே கட்டுரை, இரண்டு தாள்

மாலை நேர ஆங்கில வகுப்பு முடிந்ததும் டீச்சர் இரண்டு பேரை மட்டும் நிறுத்தினார். ஒருத்தி முதல் பெஞ்ச் தையல்காரி, இன்னொருவர் கடைசி பெஞ்ச் பேக்கரிக்காரர்.

“‘நான் பேச விரும்பும் ஒருவர்’னு இங்கிலீஷ்ல கட்டுரை எழுதச் சொன்னா, ரெண்டு பேரும் ஒரே கட்டுரையை எழுதியிருக்கீங்க. யாரைப் பாத்து யார் எழுதினது?”

“நான் யார் மூஞ்சியையும் பாக்கறதில்ல, டீச்சர்,” என்றாள் தையல்காரி வெடுக்கென்று.

“நீங்க குடுத்த மாதிரி வாக்கியங்களை வச்சு நானேதான் எழுதினேன்,” என்றார் பேக்கரிக்காரர், சுவரைப் பார்த்து.

“அதுக்காகக் கடைசி வரிகூடவா ஒண்ணா இருக்கும்?” டீச்சர் அதைத் தமிழில் சொல்லிக் காட்டினார். “‘தப்பு என் மேலதான். ஆனா முதல்ல அந்தப் பக்கம் ஒரு வார்த்தை பேசட்டும்.’”

இருவரும் சட்டென்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

“ரெண்டு பேருக்கும் பூஜ்யம்தான்!”

“தாராளமா போடுங்க, டீச்சர்.” தையல்காரி பையை மாட்டிக்கொண்டு கடைசி பெஞ்சைப் பார்த்தாள். “பத்து நாளா உம்முனு இருந்தது போதும். வாங்க, வீட்டுச் சாவி உங்ககிட்டதான் இருக்கு.”

பேக்கரிக்காரர் வாயெல்லாம் பல்லாக எழுந்தார்.

“முதல்ல பேசினது என் பொண்டாட்டிதான். நீங்கதான் சாட்சி, டீச்சர்!”