நாற்பத்திரண்டாம் பிரதியின் சீட்டு

ஒரு லிஃப்ட் கதவை இயக்கும் கணினி நிரலைத் திருத்தத் திருத்தப் பிறந்த பிரதிகள் எல்லாம், பழையதிலிருந்து புதியது வரை, ஒரே கிடங்கில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. தன்னில் என்ன மாறியது என்று ஒரு சீட்டில் எழுதி, ஒவ்வொன்றும் கழுத்தில் மாட்டியிருந்தது.

ஒரு நாள் கதவு அவசரமாக மூடி ஒரு பெண்ணின் கையை நசுக்கிவிட்டது. அதைச் சரிசெய்யப் பிறந்த நாற்பத்திரண்டாம் பிரதி, தவறு எங்கே நுழைந்தது என்று சீட்டுகளைப் படித்துக்கொண்டே போனது. எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: "சின்னத் திருத்தம்."

வேறு வழியில்லாமல் பிரதிகளை ஒவ்வொன்றாக எழுப்பி ஓட்டிப் பார்த்தது. மூன்றாம் நாள் பதினேழாம் பிரதி பிடிபட்டது. கதவு திறந்து நிற்கும் பத்து விநாடியை இரண்டாகக் குறைத்தது அதுதான்.

"இதைச் சீட்டில் எழுதியிருக்கக் கூடாதா?"

"அன்றைக்கு நன்றாக நினைவிருந்தது," என்றது பதினேழு. "மறந்துபோகும் என்று தோன்றவில்லை."

நாற்பத்திரண்டு பத்து விநாடியைத் திரும்ப வைத்தது. பதினேழு ஒரு வெற்றுச் சீட்டை நீட்டியது.

"நீயாவது விவரமாக எழுது."

"மூன்று நாள் அலைந்ததை நான் மறப்பேனா?" என்றபடியே நாற்பத்திரண்டு அவசரமாக எழுதி, கழுத்தில் மாட்டிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்தது.

பதினேழு எட்டிப் பார்த்தது. "சின்னத் திருத்தம்" என்றிருந்தது.