குட்டி டிரக்குக்கு லாரி கியர்பாக்ஸ்

"லாரி கியர்பாக்ஸா? இந்தக் குட்டி டிரக்குக்கா?"

மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"ஆமாண்ணே," என்றார் டெய்லர். "கிளட்ச்சும் லாரியோடதே போட்டுடுங்க. ஆக்ஸில் எவ்வளவு தடிமனா கிடைக்குதோ, அவ்வளவு தடிமன்."

"எதை ஏத்தப் போறீங்க? மலையையா?"

"துணி மூட்டைதான்."

மெக்கானிக்குக்கு எரிச்சல் மூக்குக்கு மேல் வந்தது. டெய்லரின் மாமனார் விட்டுப்போன பழைய ஃபோர் வீல் டிரக் அது. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். அதே மாடலின் அசல் கியர்பாக்ஸை ஊர் ஊராக அலைந்து தேடிப் பிடித்து, கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி டீசலில் கழுவித் துடைத்து வைத்திருந்தார். லாரியின் கியர் பெட்டியை நுழைப்பதென்றால் வண்டியின் தரைத் தகட்டை வெட்ட வேண்டும். அதற்கு அவருக்குக் கை வராது.

"நான் வெட்ட மாட்டேன். வேற ஆளைப் பாருங்க."

"வெட்டிடுங்கண்ணே, புண்ணியமாப் போகும்," என்றாள் டயர் மேல் உட்கார்ந்திருந்த டெய்லரின் மனைவி. "நான் மட்டும் ஓட்டினா அசலே போதும். இவரும் தொடுவாரே. போன வண்டி கியர்பாக்ஸைத் தவிடுபொடி ஆக்கினவரு."

டெய்லர் சுவரில் தொங்கிய ஃபேன்பெல்ட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மெக்கானிக்குக்கு ஒரு வழக்கம் உண்டு. வண்டியைத் தொடப்போகிறவர்களில் யார் கை மோசமோ, அவர் பக்கத்தில் ஒரு சுற்று உட்கார்ந்து பார்க்காமல் கியர்பாக்ஸை முடிவு செய்ய மாட்டார். தன் வேன் சாவியை டெய்லரிடம் நீட்டினார்.

"எடுங்க. உங்க கை எவ்வளவு மோசம்னு பார்த்துட்டுச் சொல்றேன்."

டெய்லர் ஓட்டினார். ஓட்டினார் என்று சொல்வதே மரியாதைக்குத்தான். வேன் தவளை மாதிரி தத்தித் தத்திப் போனது. இரண்டாவது கியர் விழுந்தபோது, தகர டப்பாவில் ஜல்லியைப் போட்டுக் குலுக்கிய சத்தம் கேட்டது. வேனுக்கு வலித்தது மெக்கானிக்கின் முகத்தில் தெரிந்தது.

"கிளட்ச்சை முழுசா மிதிங்க," என்றாள் மனைவி பின்சீட்டிலிருந்து. "தையல் மெஷினை மட்டும் பூ மாதிரி மிதிக்கத் தெரியுதில்ல?"

"மறந்துடுறேன்மா."

"பார்த்தீங்களாண்ணே? பச்சைப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்லணும்."

"பச்சைப் பிள்ளைங்க இதைவிட நல்லா ஓட்டும், தங்கச்சி."

பட்டறை வாசலில் வேன் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

"குடலே இடம் மாறிடுச்சு. சோடா வாங்கிட்டு வர்றேன்."

"வேனை உள்ளே விடுங்க," என்றார் மெக்கானிக், ஆனது ஆகட்டும் என்று. உள்ளே கடைசல் இயந்திரத்துக்கும் ஒரு லாரிக்கும் நடுவில் வேன் நுழைந்தால் இரண்டு பக்கமும் நாலு விரல்கூட மிஞ்சாத இடம்தான் இருந்தது.

டெய்லர் திரும்பிப் பார்த்தார். அவள் தெருவைத் தாண்டிவிட்டாள். ரிவர்ஸ் கியர் போட்டார். சத்தமே இல்லை. ஸ்டியரிங்கில் ஒற்றைக் கை. ஊசிக் காதில் நூல் நுழைகிற மாதிரி வேன் பின்பக்கமாக வழுக்கிக்கொண்டு உள்ளே போய் நின்றது.

மெக்கானிக் அவரையே பார்த்தார்.

"யோவ் டெய்லரே, அப்புறம் எதுக்கய்யா என் வேனை அந்தப் பாடு படுத்தினீர்?"

"மன்னிச்சுக்குங்கண்ணே. வேற வழி தெரியல."

"உம்ம கைக்கு அசல் பெட்டியே ஆயுசுக்கும் வருமே?"

"வரும். ஆனா மோசமான கை என்னுது இல்ல."

மெக்கானிக் சோடாக்கடைப் பக்கம் பார்த்தார். டெய்லர் குரலைத் தாழ்த்தினார்.

"போன வண்டி அவ ஓட்டும்போதுதான் உடைஞ்சது. 'முந்தின நாளே நான் பாழாக்கி வச்சிருந்தேன், பாவம், உன் கையில வந்து போயிடுச்சு'ன்னு சொல்லிட்டேன். உண்மை தெரிஞ்சா அவ அப்புறம் ஸ்டியரிங் பக்கமே போக மாட்டா. அவங்க அப்பா வண்டிண்ணே. அதை ஓட்டணும்னு எவ்வளவு ஆசை தெரியுமா?"

மெக்கானிக் வேனிலிருந்து இறங்கினார். கழுவி வைத்த அசல் கியர்பாக்ஸ் மேல் ஒரு சாக்கை இழுத்து மூடினார். சாக்பீஸை எடுத்துக்கொண்டு டிரக்கில் ஏறி, தரைத் தகட்டில் வெட்டவேண்டிய இடத்தைக் கோடு போட ஆரம்பித்தார்.

அவள் சோடாவோடு உள்ளே வந்தாள்.

"என்னண்ணே, முடிவு பண்ணிட்டீங்களா?"

"பண்ணிட்டேன் தங்கச்சி," என்றார் மெக்கானிக், நிமிராமலே. "உன் வீட்டுக்காரர் கைக்கு லாரிப் பெட்டியே தாங்குமாங்கிறது சந்தேகம்தான்."