இன்னும் பூக்கவில்லை

காலையில் கதவைத் திறந்தபோது மரம் பூத்திருந்தது.

ஏழு பூக்கள். வெள்ளை, நடுவில் மஞ்சள்.

அவன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

நான்கு வருடங்களுக்கு முன், கோடை மழையில், அவன் ஓட்டிவந்த வேனின் முன்னால் ஒரு பிள்ளை சைக்கிளோடு சறுக்கி விழுந்தாள். தாரணி. ஏழாம் வகுப்பு. முழுப் பரீட்சை எழுதிவிட்டு வந்துகொண்டிருந்தாள்.

அவன்மேல் தப்பில்லை என்று விட்டுவிட்டார்கள். அதன்பிறகு அவன் ஸ்டியரிங்கைத் தொடவில்லை.

காரியம் முடிந்த மறுவாரம் அவளுடைய அப்பா பொன்னுசாமி தேடி வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தான். அவர் கையில் ஒரு பெயின்ட் டப்பா. அதில் ஈழத்தலரிக் கொம்பு, இரண்டு இலையோடு.

"பாப்பா பள்ளிக்கூடத்துல இருந்து ஒடிச்சிட்டு வந்துச்சுங்க. எங்களுது மாடி வீடு. உங்க வாசல்ல மண்ணு இருக்குது. வெச்சு வளத்துங்க. பூத்துட்டா அப்புறம் நான் வரமாட்டனுங்க."

குழி தோண்டி, தண்ணீர் தேங்காமல் மணல் கலந்து வைத்தான். மார்கழியில் இலையெல்லாம் உதிர்ந்து மொட்டையாக நின்றது. செத்துவிட்டதோ என்று நகத்தால் கீறிப் பார்த்தான்.

உள்ளே பச்சை.

ஒவ்வொரு சித்திரையிலும், அவள் விழுந்த அதே நாளில், பொன்னுசாமி வந்தார். கேட்டுக்கு வெளியேதான் நிற்பார்.

"பூத்துருச்சுங்களா?"

"இன்னும் இல்லீங்க."

தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்.

போன வருடம் மட்டும் கொஞ்சம் கூடுதலாக நின்றார். கம்பி வழியே கை நீட்டி ஓர் இலையைத் தடவினார்.

"நல்லா வளந்துட்டா" என்றார்.

அதை அவரும் திருத்தவில்லை. அவனும் திருத்தவில்லை.

இன்றும் அதே நாள். தெருமுனையில் அவருடைய மொபெட் சத்தம் கேட்டது.

அவன் எழுந்தான். ஒவ்வொன்றாக, ஏழு பூக்களையும் கிள்ளினான். துண்டில் சுருட்டிப் படிக்குப் பின்னால் வைத்தான். விரலெல்லாம் பிசுபிசுத்தது.

பொன்னுசாமி வண்டியை நிறுத்தினார்.

"பூத்துருச்சுங்களா?"



"இன்னும் இல்லீங்க."

அவர் கிளையை அண்ணாந்து பார்த்தார். கிள்ளிய காம்புகளில் இன்னும் பால் வடிந்துகொண்டிருந்தது.

வெகுநேரம் பார்த்தார்.

பிறகு தோள்துண்டு நுனியால், கைக்கு எட்டிய ஒரு காம்பை மெல்லத் துடைத்துவிட்டார்.

"சரிங்க. அடுத்த வருசம் வந்து பாக்கறேன்."