சத்தம் வராத மட்காட்

திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட, ஆதம்பாவாவின் கராஜ் வாசலில், முன்சக்கரங்கள் கழற்றிய பழைய மொறிஸ் மைனர் கார் மரக்கட்டைகளின் மேல் நிற்கிறது. சக்கரத்துக்கு மேலே உட்புறம் பூட்டுகிற மட்காட்டுகள் வாங்குப் பலகையில் இரண்டு சோடி கிடக்கின்றன: வெயிலில் கண்ணைக் கூசவைக்கும் இரும்பு, வெளிச்சத்தை விழுங்கும் கறுப்புப் பிளாஸ்டிக். கார்க்காரர் ஹெக்டர் இரண்டையும் மாறி மாறித் தட்டிப் பார்க்கிறார். கழற்றிய பழையது அவர் காலடியில் துருவாய் உதிர்ந்து கிடக்கிறது. “பிளாஸ்டிக்கையே போடுங்க சேர். உப்புக்காத்து ஒண்டும் செய்யாது. கல்லடிச்சாலும் சத்தம் வராது,” என்கிறார் ஆதம்பாவா. தட்டிய ஹெக்டரின் விரல் அப்படியே நின்றுவிடுகிறது. அவர் வீட்டுக்குப் போகிற ஒழுங்கையின் கிரவல் கற்கள் மட்காட்டில் படபடவென்று அடிக்கிற சத்தத்தைக் கேட்டுத்தான், பார்வை போன மனைவி மரியமலர் மதிலைத் தடவிக்கொண்டு வந்து கேற்றைத் திறக்கிறாள். இரும்போ இந்தக் கடற்காற்றுக்கு இரண்டு மாரி தாங்காது. “ஒரு பக்கம் இரும்பு, மற்றப் பக்கம் பிளாஸ்டிக், அப்பிடிப் போட ஏலாதோ?” என்று கேட்கிறார். ஆதம்பாவா சிரிப்பை அடக்கிக்கொள்கிறார். “போடலாம்தான். இரும்பு எந்தப் பக்கம்?” எந்தப் பக்கத்துச் சத்தம் கேற் வரை கேட்கும் என்று ஹெக்டர் யோசிக்கிறார். மரியமலர் நிற்கிற இடத்தில் நின்று கேட்பவரைப் போல, கண்களை இறுக மூடிக்கொள்கிறார்.