ஒண்ணாம் நம்பர் ஜன்னல்

“இது என் சீட்டுங்க. ஒண்ணாம் நம்பர், ஜன்னல். ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே சொல்லி வச்சது.”

கணக்கு டீச்சர் டிக்கெட்டை நீட்டினாள். சால்வை போர்த்திய அந்த அம்மாள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மடியில் இருந்த கூடையை இறுகப் பிடித்துக்கொண்டு, “முன்னாடி உட்காரலைன்னா எனக்குக் குமட்டிக்கிட்டு வரும்மா” என்றாள்.

சுற்றுலா பஸ்ஸின் கைடு ஓடி வந்தான். “டீச்சர், கொஞ்சம் அனுசரிச்சுக்குங்க. வாந்தி கீந்தி எடுத்தா எல்லாருக்கும் கஷ்டம். நீங்க பக்கத்து சீட்ல உட்காருங்க. சாரை பின்னாடி அனுப்பிடலாம்.”

பக்கத்து சீட்டுக்குச் சொந்தக்காரரான டீச்சரின் கணவர், வாயைத் திறப்பதற்குள் கடைசி வரிசைக்கு அனுப்பப்பட்டார். அவருக்கு அதில் வருத்தமே இல்லை. ஐந்தே நிமிடத்தில் பின்னாலிருந்து அவருடைய சிரிப்புச் சத்தம் கேட்டது. பெண்டாட்டிக்காக ஒரு வார்த்தை பேசத் துப்பில்லை, சிரிப்பு மட்டும் வருகிறது. டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முப்பத்தொரு வருடம் அவள் பாடம் நடத்திய வகுப்புக்கு ஒரே ஒரு ஜன்னல். அதைத் திறந்தால் சைக்கிள் ஷெட்டின் சுவர்தான் தெரியும். ஓய்வு பெற்ற அன்று, உடன் வேலை பார்த்தவர்கள் எல்லாரும் சேர்ந்து இந்தச் சுற்றுலா டிக்கெட்டைக் கொடுத்து, “இனிமேலாவது ஜன்னல் வழியா நல்லதா நாலு பாருங்க” என்று அனுப்பி வைத்தார்கள். அந்த ஜன்னலில்தான் இந்தச் சால்வை.

பஸ் ஊரைத் தாண்டியது. “இடது பக்கம் ஏரி வருது, எல்லாரும் பாருங்க” என்று கைடு மைக்கில் சொன்னான். சால்வை அம்மாள் சரக்கென்று ஜன்னல் திரையை இழுத்து மூடினாள்.

“என்னங்க இது? ஏரி வருதுங்கறாங்க, நீங்க திரையை மூடுறீங்க?”

“வெளிச்சம் கண்ணைக் கூசுதும்மா. முன்னாடி ஒண்ணும் தெரியல.”

“முன்னாடி என்ன இருக்கு? ரோடுதான் இருக்கு.”

அந்த அம்மாள் கழுத்தை நீட்டி முன்னால் பார்த்தாள். பின்னால் நாற்பது பேர் ‘ஆகா’ என்றார்கள். ஏரி போயே போய்விட்டது.

டிரைவரும் வாய்த்தார் பாருங்கள். உர்ரென்று முகத்தை வைத்துக்கொண்டு வளைவுக்கு வளைவு வண்டியை ஒரு உலுக்கு உலுக்கினார். போதாக்குறைக்கு, பயணிகளைப் பார்ப்பதற்காகத் தலைக்கு மேலே மாட்டியிருந்த கண்ணாடியை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்புவதே அவருக்கு வேலையாக இருந்தது. பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தால் போதும் என்று டீச்சர் நினைத்துக்கொண்டாள்.

திடீரென்று சால்வை அம்மாள் எழுந்தாள். “டீச்சரம்மா, நீங்களே ஜன்னல் பக்கம் உட்காருங்க.”

டீச்சர் மறுபேச்சுப் பேசாமல் நகர்ந்து, முதல் வேலையாகத் திரையைத் தள்ளினாள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை சூரியகாந்தி. நடுவே ஒரு டிராக்டர் ஊர்ந்துகொண்டிருந்தது. மனசு குளிர்ந்துபோனது. அந்தக் குளிர்ச்சி பத்து நிமிடம்கூட நிற்கவில்லை.

“அம்மா, மறுபடியும் மாறிக்கலாமா? ரொம்பக் குமட்டுது.”

டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு மாறினாள். திரை மறுபடியும் மூடிக்கொண்டது.

டீக்கடையில் பஸ் நின்றது. எல்லாரும் இறங்கி டீ குடித்தார்கள். டிரைவர் டம்ளரோடு வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். சால்வை அம்மாள் மட்டும் டீயும் குடிக்காமல், கூடையும் கையுமாக பஸ்ஸைச் சுற்றிச் சுற்றி வந்தாள். எல்லாரும் ஏறி உட்கார்ந்து ஹாரன் ரெண்டு தடவை அடித்த பிறகுதான் மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். கூடையில் இருந்த சாப்பாட்டுப் பாத்திரம் திறக்கப்படாமல் அப்படியே இருந்தது.

பஸ் கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் எழுந்தாள். “நீங்க இந்தப் பக்கம் வந்துடுங்கம்மா.”

இது என்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் விளையாட்டா என்று கேட்க நினைத்தாள் டீச்சர். ஆனாலும் ஜன்னல் கிடைக்கிறதே. உட்கார்ந்தாள்.

“இன்னும் ரெண்டு நிமிஷத்துல அருவி. இடது பக்கம் மட்டும்தான் தெரியும். வண்டி நிக்காது, தவறவிட்டா போச்சு” என்றான் கைடு.

டீச்சர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஜன்னலோடு ஒட்டி உட்கார்ந்தாள். அப்போதுதான் தோளில் ஒரு கை விழுந்தது.

“டீச்சரம்மா...”

“முடியாது.” முப்பத்தொரு வருடம் வகுப்பை அடக்கிய குரல் அது. “ஜன்னல் வேணும்ங்கறீங்க, குடுத்தா திரையை மூடுறீங்க. அப்புறம் வேணாம்ங்கறீங்க, திரும்ப வேணும்ங்கறீங்க. உங்களுக்குக் குமட்டவும் இல்ல, ஒண்ணும் இல்ல. வேடிக்கை பார்க்க வந்தீங்களா, என் உயிரை வாங்க வந்தீங்களா?”

அந்த அம்மாள் கைடுக்குக் கேட்காதபடி குனிந்தாள். கண் கலங்கியிருந்தது.

“வேடிக்கை பார்க்க வரலைம்மா. வண்டி ஓட்டுறது என் மகன். அவன் கட்டிக்கிட்ட பொண்ணை நான் ஒரு வார்த்தை சொல்லிட்டேன், ரெண்டு வருஷமா என் மூஞ்சில முழிக்க மாட்டேங்கறான். வீட்டுக்குப் போனா எழுந்து வெளியே போயிடறான். ஸ்டீரிங்கைப் பிடிச்சிருந்தா எழுந்து போக முடியாதில்ல, அதான் டிக்கெட் வாங்கி ஏறினேன். அந்தக் கண்ணாடியில அவன் முகம் தெரியுது. நான் பார்க்கறேன்னு தெரிஞ்சதும் அவன் கண்ணாடியைத் திருப்பிடறான், நானும் சீட்டை மாத்திக்கிட்டே வர்றேன்.”

“இதோ அருவி, எல்லாரும் இடது பக்கம் பாருங்க” என்று கைடு மைக்கில் சொன்னபோது, டீச்சர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி எழுந்து நின்று, அந்த அம்மாளுக்கு வழி விட்டுக்கொண்டிருந்தாள்.