சிப்புக்குள் இருந்த சாவி

"தப்பு என்னோடதும்மா. ரிப்பேர் பார்க்கிறப்போ சிப்பை க்ளியர் பண்ணிட்டேன்" என்றார் கடைக்காரர் யூஜின்.

கேத்தரின் விடுவாளா? லா காலேஜ் விவாத மேடையில் அவள் ஏறினால் எதிராளி இறங்கித்தான் ஆகவேண்டும். ரிச்சர்ட்ஸ் டவுனில் இருந்த அந்தச் சின்ன கம்ப்யூட்டர் கடை வாசலுக்குப் பக்கத்து பேக்கரிக்காரரே வந்து, ஏனாயித்து, என்ன ஆச்சு என்று கன்னடத்தில் கேட்டபடி எட்டிப் பார்த்தார்.

லேப்டாப் அவள் அண்ணன் லாயிடுடையது. போன மாசம் ஓசூர் ரோட்டில் பைக் விபத்தில் போய்விட்டான். அவன் பாடிப் பதிவு செய்த கிறிஸ்துமஸ் பாட்டு, போட்டோ எல்லாம் அதற்குள். 2007-இல் வந்த அந்தப் புது மாடலில், டிஸ்கைப் பூட்டும் சாவி ஒரு பாதுகாப்புச் சிப்புக்குள் இருக்குமாம். சிப்பைத் துடைத்தால் சாவி போச்சு. டிஸ்கில் இருப்பது வெறும் குப்பை. மாற்றுச் சாவி எங்கேயாவது இருக்கிறதா என்று யூஜின் கேட்டதற்கு, கூட வந்திருந்த லாயிடின் மனைவி அன்னா இல்லையென்று தலையாட்டினாள்.

"காசு கொடுத்து வாங்கினவங்களையே வெளியே நிறுத்துறதுக்குப் பேரு பாதுகாப்பா? அது கெடக்கட்டும், அதுக்கு அறிவில்லை. உங்களுக்கு எங்கே போச்சு அங்கிள்? என் அண்ணனை ரெண்டாம் தடவை சாகடிச்சுட்டீங்க" என்றாள் கேத்தரின்.

கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கு இழுப்பேன் என்றாள், சரிம்மா என்றார். சர்ச்சில் எல்லாரிடமும் சொல்லுவேன் என்றாள். அதற்கும் சரி என்றார். சண்டைக்கு ஆள் கிடைக்காத ஆத்திரத்தில் அழுகை முட்டிக்கொண்டு வர, ஆட்டோ பிடிக்கத் தெருவுக்குப் போனாள்.

அன்னா மட்டும் நின்றாள்.

"நீங்க ஆன் பண்றதுக்கு முன்னாடியே அந்தச் சிப்பு காலியாத்தானே இருந்துச்சு?"

"ஆமாம்மா. யாரு பண்ணியிருப்பாங்கன்னு யோசிச்சேன். உன் முகத்தைப் பார்த்தேன். அதுக்கு மேல கேக்கத் தோணலை."

"ஒரு ஃபைலை மட்டும் அழிச்சா, எப்படியாவது தேடி எடுத்துடுவீங்கன்னு பயம் அங்கிள். பாட்டும் சேர்ந்து போகட்டும்னு விட்டுட்டேன்."

ஆட்டோ வந்துவிட்டது. வெளியிலிருந்து கேத்தரின் அண்ணி என்று கூப்பிட்டாள். அன்னா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அன்னிக்கு பைக்கை எடுக்கறதுக்கு முன்னாடி அவர் லேப்டாப்ல பேசி வெச்சுட்டுப் போனதை நான் ஒருத்தி கேட்டது போதும். அவளாவது அந்தச் சாவை விபத்துன்னே நம்பட்டும்."