சர்வர் ரூம்

“ஜனவரியோட இந்த சர்வருக்கு சப்போர்ட் நின்னுரும் அங்கிள். அதுக்கப்புறம் வைரஸ் வந்தாலும் சாஃப்ட்வேர்காரன் திரும்பிக்கூடப் பாக்க மாட்டான்” என்றான் அல்தாப்.

நாகூர் மீரான் தலையை ஆட்டினார். அது சம்மதம் இல்லை என்று மகள் சஃப்ரீனுக்குத் தெரியும்.

கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் அல்தாபை செம்பூரிலிருந்து வரவழைத்தவள் அவள்தான். தாராவி சந்துக்குள் அவர்களுடைய தோல் பை கம்பெனி. கீழே பட்டறை, மேலே ஆபீஸ். மஸ்கட்டுக்குப் போகிற ஆர்டரிலிருந்து மூலையில் கிடக்கும் ஜிப் உருளை வரைக்கும் எல்லா விவரமும் அந்த சர்வருக்குள்தான் இருந்தது.

தீபாவளி லீவில் பட்டறை மூடியிருக்கும். அந்த நாட்களில் எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்றிவிடலாம். சர்வர் இருந்த அறை காலியாகும். சுவரை இடித்து, சாம்பிள் பைகளை அடுக்கி, வருகிற பார்ட்டிகளுக்குக் காட்டலாம்.

சஃப்ரீனின் திட்டம் பக்காவாக இருந்தது.

நாகூர் மீரான் ஒவ்வொன்றாகத் தடை சொல்லிப் பார்த்தார். நெட் போய்விட்டால் என்ன செய்வது? அதற்கு அல்தாப் வழி வைத்திருந்தான். நம்முடைய விவரமெல்லாம் எவனோ ஒருவன் கையில் இருக்குமே? அதற்கும் வைத்திருந்தான்.

கடைசியில், “புதுசா ஒண்ணு வாங்கி அதே ரூம்ல வச்சிருவோமே” என்றார்.

“எதுக்கு வாப்பா? ரூமும் வேஸ்ட், கரண்டும் வேஸ்ட்.”

அவர் எழுந்து அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

உள்ளே எப்போதும்போலக் குளிர்ந்து கிடந்தது. சர்வர் பெட்டியை இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது. அறை மட்டும் அதேதான். ஒரு நாற்காலி போட்டால் கால் நீட்ட இடமிருக்காது.

அப்போதெல்லாம் கீழே பட்டறை, மேலே வீடு. ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மே மாதத்தில் பகல் முழுக்க உள்வாங்கிய சூட்டைக் கூரை இரவெல்லாம் கக்கும். பசை வாடையும் சேர்ந்துகொள்ளும். அந்தக் கட்டடத்திலேயே ஏசி இருந்த ஒரே இடம் இந்த அறைதான்.

நோன்பு மாதத்தில் பை தைக்கும் காரிகர்கள் மதியத் தொழுகை முடிந்ததும் ஒவ்வொருவராக மேலே வருவார்கள். “சர்வர் ஏதோ சத்தம் போடுதே சேட்” என்பார்கள். சர்வர் ஒரு சத்தமும் போட்டிருக்காது. ‘போய்ப் பாரு’ என்று இவரும் அனுப்பிவைப்பார். சுவரில் முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடி, கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்து இறங்கிப் போவார்கள்.

நாகூர் மீரானின் வாப்பாவுக்கு மட்டும் அது பிடிக்காது. குளிர் மெஷினுக்குத்தான், மனுஷனுக்கு இல்லை என்பார். வேலைக்காரன் வேர்வையில் கிடக்கும்போது வீட்டு ஆட்களுக்கு சொகுசு எதற்கு என்று இரண்டாவது ஃபேனுக்கே சம்மதிக்காதவர். அப்படிப்பட்டவர்தான், விலை கூடின மெஷின் பக்கத்தில் எந்நேரமும் ஆள் வேண்டும் என்று, கர்ப்பமாயிருந்த மருமகளை இங்கே ஒரு பாய் போட்டு உட்காரவைத்தார்.

அந்த நாட்கள் இன்னும் இந்த அறைக்குள்ளேயே இருப்பதுபோல் இருந்தது நாகூர் மீரானுக்கு.

கதவு திறந்தது. சாப்பாட்டுப் பையோடு அவர் மனைவி சைனப். வீடு சுனாபட்டிக்கு மாறிய பிறகும் மதியச் சாப்பாட்டை அவளே ஆட்டோவில் கொண்டுவந்துவிடுவாள். விஷயத்தை மகள் வெளியே வைத்தே அவளிடம் சொல்லியிருக்க வேண்டும்.

சைனப் கதவைச் சாத்தினாள். அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

“எடுத்துரட்டுமே. இப்பதான் நம்ம வீட்லயே ஏசி இருக்குல்லா” என்றாள்.

நாகூர் மீரான் சட்டென்று நிமிர்ந்தார். “ஒனக்கு யாரு சொன்னா?”

“யாரு சொல்லணும்? அப்ப இங்க இருந்தது ஒத்தைக் கம்ப்யூட்டர். அதுக்குப் போயி எதுக்கு ஒரு சர்வர்னு மாமாவுக்கு வேணா தெரியாம இருந்திருக்கும்.”

அவர் இத்தனை காலமும் யாரிடமும் சொன்னதில்லை.

சர்வர் வாங்கியதற்கு முந்தின வருஷம் மே மாதம், அந்தக் கூரைக்குக் கீழேதான் சைனப் மயங்கி விழுந்தாள். வயிற்றில் இருந்த பிள்ளை தங்கவில்லை. அடுத்த தடவை அவள் உண்டாகி மாதம் ஏற ஏற, வெயிலும் ஏறிக்கொண்டு வந்தது. ஏசி வேண்டும் என்று வாப்பாவிடம் கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

சர்வர் வேண்டும் என்று கேட்டார்.

யாரோ கதவைத் தட்டினார்கள். “வாப்பா, அல்தாப் கெளம்பணுமாம். முடிவைச் சொல்லுங்க.”

நாகூர் மீரான் எழுந்து கதவைத் திறந்தார். அந்த வருஷக் கோடையைத் தாண்டி, ஜூலை மழையில் பிறந்தவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

“நீ சொன்னபடியே செஞ்சிரும்மா” என்றார்.